கையும் கையின் உணர்வும்

புதுச்சேரி நகரத்தின் வடக்கே, கருவடிக்குப்பத்தில், சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயிலை அடுத்து ஒரு காலத்தில் அடர்ந்திருந்த மாந்தோப்பைக் குயில் தோப்பு என்று அழைப்பது ஊரார் வழக்கம்; பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த இவ்வூரில் 1908 முதல் 1918 வரை அடைக்கலம் புகுந்து வாழ்ந்த பாரதியார், குயில் பாட்டுக்குரிய தூண்டுதலை இத்தோப்பில்தான் பெற்றார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. காவியத்தின் நயங்களை ஆராய்வது இலக்கிய ரசிகர்களின் பாக்கியம். மாமரக் கிளையிலிருந்து ஒரு குயில் கூவுகிறது, கீழே நிற்கும் மனிதன் தலையைத் திருப்பி அந்தக் கிளையை நோக்குகிறான் என்னும் மிகச் சாதாரணமான நிகழ்ச்சியை மட்டும் நாம் இங்கே எடுத்துக்கொள்வோம். கூவலுக்கும் தலை திரும்புதற்கும் இடைப்பட்ட, ஒரு வினாடியும் நிரம்பாத அந்தச் சிறுபொழுதில் சரீரத்துக்குள் நடந்தேறும் காரியங்களைப் பின்தொடர்ந்து சென்றாலே, நரம்பு மண்டலம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதில் பெரும்பகுதி நமக்குப் புலப்பட்டுவிடும்.

குயிலின் குரல் காற்றின் அதிர்வாக வந்து செவிப்பறையை அசைக்கிறது. நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே சுருண்டு கிடக்கும் குழலின் திரவத்துள் வரிசை வரிசையாக நிற்கும் மயிரணுக்கள், உயர்ந்த சுருதிக்குக் குழலின் அடிவாயிலும், தாழ்ந்த சுருதிக்கு அதன் நுனியிலுமாக, தத்தமக்குரிய இடங்களில் வளைந்து நிமிர்கின்றன. குயில் தன் சுருதியை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகையில், குழலினுள்ளே கிளர்ச்சியுறும் இடமும் அடிவாயை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. இதுவரை நடந்தது வெறும் பௌதிகம். மயிரணு வளைந்ததும் அதன் சுவரில் நுண்ணிய துளைகள் திறக்க, மின்னேற்றம் பெற்ற உப்பின் அயனிகள் உட்புகுகின்றன. அதன் விளைவாக மயிரணுவின் அடிப்புறத்தில் ஒரு ரசாயனப் பொருள் கசிந்து, அங்கே தொட்டும் தொடாமலும் காத்திருக்கும் நரம்பிழையைத் தூண்டுகிறது. அந்தக் கணத்தோடு குரல் குரலாயிருக்கும் நிலை முடிந்துவிட்டது. செவி நரம்பின் ஏறத்தாழ 30,000 இழைகளில் ஓடும் மின்துடிப்புகளின் கோலமாக அது மாறிவிட்டது. கண்ணில் விழும் ஒளியும், நாவில் படும் புளிப்பும், விரலைச் சுடும் கனலும் உள்ளே செல்லும்போது இதே வகையான துடிப்புகளாகவே செல்கின்றன. எந்த நரம்பு, எந்த ஸ்தானத்துக்கு, எத்தனை விரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைக் கொண்டே ஒன்று ஒலியாகவும் மற்றொன்று ஒளியாகவும் நம் பிரக்ஞையில் பிரிகின்றது.

இத்துடிப்பைத் தந்திக் கம்பியில் ஓடும் மின்சாரம் என்று எழுதுவது பாடநூல்களில் நெடுநாள் வழங்கி வந்த வழக்கம், அது சரியன்று. கம்பியில் ஓடும் மின்சாரம் தூரம் செல்லச் செல்ல நலிந்துபோகும். நரம்பின் துடிப்போ, வாணத்தின் திரியில் பற்றிய நெருப்பு ஒவ்வொரு புள்ளியிலும் அடுத்த புள்ளியைப் பற்றவைத்துக்கொண்டு கடைசிவரை குன்றாமல் ஓடுவதைப்போல், ஒவ்வோரிடத்திலும் புதிதாகப் பிறந்துகொண்டே போகிறது. அமைதியாயிருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டுதல் ஒரு வரம்பைத் தாண்டினால் சோடியம் உள்ளே பாய்கிறது, பின்னர் பொட்டாசியம் வெளியேறுகிறது, ஆயிரத்தில் ஓரிரு பங்கு வினாடிக்குள் பழைய நிலை மீள்கிறது. வரம்பைத் தாண்டாத தூண்டுதலுக்கு விளைவே இல்லை. சோடியமும் பொட்டாசியமும் இவ்வாறு பாய்வதைக் கணக்கோடு நிறுவிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கில விஞ்ஞானிகள் தம் சோதனைக்குத் தேர்ந்துகொண்ட பிராணி, நம் கடற்கரைக் குப்பங்களில் வலையோடு ஏறிவரும் ஊசிக் கணவாயின் இனத்தைச் சேர்ந்தது. அதன் உடலில் ஓடும் ஒரு நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை பருத்திருப்பதால், அதற்குள் மின்முனையைச் செலுத்தி அளப்பது சாத்தியமாயிற்று. 1952-ல் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சிக்கு 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

துடிப்பின் வேகமும் எல்லா நரம்புகளிலும் ஒன்றன்று. அதை அளக்கவே இயலாது என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், 1850-ல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து வினாடிக்கு 30 மீட்டருக்கும் குறைவே என்று காட்டினார். மனித உடலில் மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த தடித்த இழைகளில் அது வினாடிக்கு 100 மீட்டரையும் கடக்கும். உறையற்ற மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவுக்கு ஊர்ந்து செல்லும். இருட்டில் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டவன், இடித்துவிட்டோம் என்பதை முதலில் அறிகிறான், பிறகுதான் அந்த ஆழ்ந்த வலி வந்து சேர்கிறது. ஸ்பரிசச் செய்தி விரைந்த பாதையிலும், எரிச்சலோடு நீடிக்கும் வலி மந்தமான பாதையிலும் புறப்பட்டமையே அதற்குக் காரணம்.

ஒரு நரம்பணு முடிந்து அடுத்தது தொடங்கும் சந்தியில் ஒரு மிகச்சிறிய இடைவெளி உண்டு. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிய வலை என்று கொண்டவர் இத்தாலியரான கோல்ஜி. ஒவ்வொன்றும் தனித்த உயிரணு என்று வாதித்தவர் ஸ்பெயின் நாட்டுக் கஹால். கஹால் அதை மெய்ப்பித்தது கோல்ஜி கண்டுபிடித்த சாய முறையைக் கொண்டேதான். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டபோதும் அவர்களுடைய அபிப்பிராய பேதம் தீரவில்லை. அவ்விடைவெளியைத் தாண்டச் செய்தி ரசாயன உருவம் எடுக்கிறது. 1921-ல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்து, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றோர் இதயத்துக்கு மாற்றினார். தொடப்படாத அந்த இரண்டாவது இதயமும் தணிந்து துடித்தது.

இனி மாமரத்தடிக்குத் திரும்புவோம். செவி நரம்பு மூளைத்தண்டினுள் நுழைந்த சிறிது தூரத்திலேயே இரு காதுகளின் செய்திகளும் சந்திக்கின்றன. குயில் வலப்புறம் இருந்தால் ஒலி வலக் காதுக்குச் சற்று முந்தி வரும். எவ்வளவு முந்தியென்றால், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவு. அந்த அற்பமான வித்தியாசத்தைக் கொண்டு திசையைக் கணிக்கும் நரம்பணுக் கூட்டம் அங்கே இருக்கிறது. இந்தக் கணிப்பு நாம் சிந்தித்துச் செய்வதன்று. செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. அங்கிருந்து நடுமூளைக்கும், அதிலிருந்து தாலமஸ் என்னும் உள்ளறைக்கும், இறுதியில் பொட்டின் உட்புறத்திலுள்ள பெருமூளைப் புறணிக்கும் செய்தி ஏறிச் செல்லும்போதுதான் குயில் கூவிற்று என்று நாம் அறிகிறோம். கழுத்துத் தசைகளுக்குக் கட்டளை பிறக்கிறது. அவ்வசைவின் அளவையும் ஒழுங்கையும் சிறுமூளை திருத்துகிறது. மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சிறுமூளையில்தான் செறிந்திருக்கின்றன என்பது, பெருமூளையையே மூளை முழுதும் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். மூளையின் மற்றப் பகுதிகளுக்கும் இவ்வாறே தனித்தனி வேலை உண்டு; பேசும் ஆற்றலுக்குப் பெருமூளையின் முன்பகுதி பிரதானமானது என்பதை 1861-ல் பாரிஸ் வைத்தியரான புரோக்கா, ஒரே ஓர் அசையைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாதிருந்த ஒரு நோயாளி இறந்தபின் அவர் மூளையைப் பரிசோதித்து அறிவித்தார்.

மூளையும், அதிலிருந்து முதுகெலும்பின் நடுவே இறங்கும் தண்டுவடமும் சேர்ந்தது மத்திய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணைகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணைகளுமாகக் கிளைத்துத் தோல், தசை, குடல், இதயம் என எங்கும் பரவும் நரம்புகள் புற நரம்பு மண்டலம். அப்புற நரம்புகளுள் ஒரு வகை நம் இச்சைக்குக் கட்டுப்படாமல் இயங்குவது; அச்சம் வந்தபோது இதயத்தை விரைவாக்கிக் கண்மணியை விரிக்கும் பரிவு நரம்புகளும், உண்டு இளைப்பாறும் வேளையில் இதயத்தை அடக்கிச் செரிமானத்தை நடத்தும் எதிர்ப்பரிவு நரம்புகளும் இரவும் பகலும் தம்முள் அளவு பார்த்துக்கொண்டே இருக்கின்றன. சுடுசட்டியில் பட்ட கையை இழுத்துக்கொள்வதற்கோ மூளையின் அனுமதியே வேண்டுவதில்லை; தண்டுவடம் தானே அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கிறது, மூளை அதைப் பின்னால் தெரிந்துகொள்கிறது.

குயிலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. காக்கைக் கூட்டில் இடப்பட்ட முட்டையிலிருந்து பிறந்து, காக்கையின் கரைதலை நாளெல்லாம் கேட்டு, காக்கை ஊட்டிய இரையால் வளர்ந்த குயில், பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. குயிலினம் பிறரைக் கேட்டுப் பாடக் கற்கும் பறவையினங்களைச் சேர்ந்ததன்று. அதன் கூவல் அதன் நரம்புகள் கருவில் பின்னப்படும்போதே பின்னப்பட்டுவிடுகிறது. மனிதக் குழந்தையோ கேட்டால்தான் பேசும். எந்த வீட்டில் வளர்கிறதோ அந்த வீட்டின் பாஷையைப் பேசும். பிறக்கும்போதே முடிந்துவிடாத நரம்பு மண்டலம் என்பது மனிதனுக்கு வாய்த்த பெரும் செல்வம்.

நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் மூளையைப் புகழ்வதிலேயே ஏடுகளைச் செலவிட்டுவிட்டு, விரல் நுனியிலும் பாதத்தின் அடியிலும் முடியும் நரம்புகளை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஓர நரம்புகள் பேசாது போனால் மூளைக்கு உடல் என்ற ஒன்று இருப்பதே தெரியாது என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டில் நடந்தது. ஆகையால் இந்த அத்தியாயத்தின் எஞ்சிய பகுதியை அதற்கே ஒதுக்க விரும்புகிறேன்.

கருவடிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோரிமேட்டில், 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இருக்கிறது. அங்கோ, வேறு எந்தப் பெரிய மருத்துவமனையிலோ, தோலில் வெளிறிய படை ஒன்றோடு வந்த நோயாளியின் முழங்கையை மடக்கி, எலும்பின் உட்புறத்தை ஒட்டி ஓடும் நரம்பை மருத்துவர் விரலால் உருட்டிப் பார்ப்பதைக் காணலாம். இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் விறுவிறுக்குமே, அந்த அல்நார் நரம்புதான் அது. அது தடித்திருக்கிறதா, படையின் மேல் உணர்ச்சி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளும் தொழுநோயை அறிதற்குப் பிரதானமானவை. 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த அந்நோயின் கிருமி, புற நரம்பிழைகளுக்கு உறை அமைக்கும் ஷ்வான் உயிரணுக்களில் புகுந்து வாழ்கிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளை அது விரும்புவதால், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் முதலில் பழுதடைகின்றன. தொழுநோயைத் தோலின் நோய் என்று மக்கள் எண்ணுகிறார்கள். அது தன் பெருங்கேட்டைச் செய்வது நரம்பில்.

மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் காக்ரேன் என்னும் நிபுணரைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கி இறுகிய ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவர் வலியால் துடித்துப்போனார். உணர்ச்சி செத்த கையில் தசையின் பலம் அப்படியே இருந்தது! அக்காலத்து வைத்தியர்களும் ஜனங்களும் தொழுநோயாளியின் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே நம்பினார்கள். அது உண்மையானால் அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வரும்?

அவர் ஒவ்வொரு புண்ணையும் துப்பறிபவரைப்போல் விசாரிக்கலானார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். தரையில் சொட்டிய இரத்தத்தைப் பார்த்து அவன் கையைப் பிடித்து நோக்கினால், சாவி விரலின் சதையை எலும்புவரை கிழித்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் உறங்கி எழுந்தபின் விரலின் ஒரு பகுதியைக் காணவில்லை என்று சிலர் வந்து சொன்னபோது, காவலிருந்து பார்த்து, எலிகள் வந்து கடிப்பதை அறிந்தார்கள். நோயாளிகளுக்குப் பூனைகள் தரப்பட்டன. நோய் விரலைத் தின்னவில்லை. வலி என்ற காவல் போன பிறகு, அடுப்பும் ஆணியும் எலியும் செருப்பின் முடிச்சும் விரலைத் தின்றன.

கை மடங்கி இறுகுவதற்குக் காரணம் அல்நார் நரம்பு இயக்கும் சிறு தசைகள் செயலிழத்தல். முன்கையிலுள்ள வேறு சில தசைகளோ கெடாதிருந்தன. கெடாத தசையொன்றின் நாணை எடுத்து விரல்களுக்கு இழுத்துத் தைத்து, 1948 முதல் பிராண்ட் கைகளை நிமிர்த்தலானார். இவ்வறுவையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கத்தியின் திறமையைக் காட்டிலும், அதன்பின் மூளை செய்யும் வேலை. வேறொரு காரியத்துக்கென்று இத்தனை காலம் பழகிய தசை இப்போது விரலை நிமிர்த்துகிறது. மூளை தன் பழைய பழக்கத்தை விட்டு, எந்தக் கட்டளைக்கு எந்த அசைவு என்பதை வாரக்கணக்கில் பயின்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளவும் செய்தது. மடங்கிய கையோடு வந்தவர்கள் வேலூர் நவஜீவன நிலையத்தில் தச்சுவேலை பயின்றார்கள்.

ஆனால் உணர்ச்சி மீளவில்லை. 1966-ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அழுத்தம் மிகும்போது ஒலியாலோ மின்னதிர்ச்சியாலோ எச்சரிக்கும் கையுறைகளைச் செய்து பார்த்தார். அந்த முயற்சி பலிக்கவில்லை. ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை; அதிர்ச்சி தொந்தரவாயிருந்தால் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நிறுத்திவைக்க இயலாமை என்பது வலியின் கொடுமை என்று நாம் நினைப்பதற்கு மாறாக, அதுவே வலியின் முழுப் பயன் என்று அவர் முடிவுகட்டினார்.

கை இருந்தும் உணர்வு இல்லாத நிலை இது. கை இல்லாதபோதும் உணர்வு நீடிக்கும் நிலை ஒன்றும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கங்களை இழந்த வீரர்களிடம் வைத்தியர் வியர் மிட்செல் இதைக் கண்டு 1871-ல் எழுதினார்: வெட்டியெடுக்கப்பட்ட கை இன்னும் அங்கேயே இருக்கிறது, விரல் அரிக்கிறது, முஷ்டி இறுகி வலிக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். காரணம் பெருமூளைப் புறணியில் இருக்கிறது. மான்ட்ரியல் நகரத்தில் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, உடலின் ஒவ்வோர் அங்கத்துக்கும் அங்கே ஓர் இடம் உண்டு என்றும், உதடும் விரலும் முதுகைவிட மிகப் பெரிய இடத்தைப் பெற்றிருக்கின்றன என்றும் வரைந்து காட்டினார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூரில் இந்நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர்.

அந்த வரைபடத்தில் கையின் இடத்துக்கு அடுத்திருப்பது முகத்தின் இடம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கிய வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்ததை 1990-களின் தொடக்கத்தில் கண்டார். ஆளில்லாமற்போன நிலத்தில் அண்டை வயல் பரவியிருந்தது. இறுகி வலிக்கும் அந்த மாயக் கையைத் திறப்பதற்கு அவர் செய்த உபகரணம் ஒரு கண்ணாடிதான். எஞ்சிய கையைக் கண்ணாடியின் முன் வைத்து விரித்தால், பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றும். கண் காட்டிய அந்தச் சாட்சியைச் சிலருடைய மூளை ஏற்றுக்கொண்டது, இறுகிய விரல்கள் திறந்தன.

தொழுநோயையும் மாய அங்கத்தையும் சேர்த்து நோக்கிய ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 1956-ல் மரியான் சிம்மெல் என்னும் உளவியலறிஞர், தொழுநோயால் விரல்கள் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத் தேய்ந்துபோனவர்களிடம் மாய விரல் தோன்றவில்லை என்றும், எஞ்சிய அடிப்பாகத்தை அறுவையால் திடீரென்று அகற்றியபோது தோன்றியது என்றும் எழுதினார். மெல்லத் தேயும் அங்கத்தின் கணக்கை மூளை உடனுக்குடன் திருத்திக்கொள்கிறது. ஒரே நாளில் போன அங்கத்துக்கு அதன் பழைய வரைபடம் மிஞ்சிவிடுகிறது என்பது அவர் கருத்து. பின்னால் வந்த ஆய்வாளர் சிலர் இதை முற்றும் ஒப்பவில்லை. எனினும் கேள்வி மிக அருமையானது.

இன்று தொழுநோய் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். உணர்ச்சி இழக்கப்படும் முன்பே வந்தவருக்கு நரம்பும் பெரும்பாலும் தப்பும். பிந்தி வந்தவருக்குக் கிருமி அழிந்தபின்னும் மரத்த கை மரத்தேயிருக்கும். அவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம் மருத்துவமனைதோறும் ஒன்றுதான்: நாள்தோறும் வேலை முடிந்ததும் வெளிச்சத்தில் அமர்ந்து உள்ளங்கையையும், விரலிடுக்குகளையும், ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியையும் பார்க்க வேண்டும், சிவந்த இடம், கொப்புளம், முள் குத்திய தடம் எதுவானாலும் அன்றைக்கே ஓய்வு கொடுக்க வேண்டும், நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவித் தோல் வெடிக்காமல் காக்க வேண்டும், சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடலாகாது, ஆணி அடிக்காத, மிருதுவான நுண்துளை ரப்பர் வைத்துத் தைத்த செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும். தோலின் நரம்பு செய்துவந்த வேலையைக் கண்ணின் நரம்பு ஏற்றுக்கொள்கிறது. தவறாமல் இதைப் பழகியவர்களுக்குக் கையும் காலும் நிலைக்கின்றன.